கூலி வள்ளம்

பென்னாகரம் வட்டத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டை இடித்துக் கட்டுவதென்று முடிவானபோது, பரண்மேல் கிடந்தவற்றைப் பிரித்துக்கொள்ளப் பங்காளிகள் கூடினோம். பித்தளை அண்டாவுக்கும் செம்புத் தவலைக்கும் போட்டி இருந்தது. மரச்சாமான்களைக் கேட்பாரில்லை. அப்படி என் பங்குக்கு வந்து சேர்ந்தவை இரண்டு வள்ளங்கள். ஒரே கட்டையில் கடைந்தவை, வாயில் இரும்புப் பட்டம் கட்டியவை, புகையேறிக் கறுத்தவை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்.

எழுபதுகளுக்கு முன் பிறந்த தருமபுரிக்காரர்களுக்கு வள்ளம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அது தானியம் அளக்கும் மரப்பாத்திரம், அந்த அளவின் பெயரும் அதுவே. எங்கள் பக்கத்தில் கேழ்வரகும் சாமையும் கொள்ளும் வள்ளக் கணக்கில்தான் களத்தை விட்டு வெளியேறின. ஒரு வள்ளத்துக்கு எத்தனை படி என்பது ஊருக்கு ஊர் மாறும். அந்த மாற்றத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை என்றும் சொல்லலாம். ஆனால் நான் கண்ட மாற்றம் ஊருக்கும் ஊருக்கும் இடையில் அல்ல, ஒரே பரணில், ஒரு முழ இடைவெளியில் இருந்தது.

தமிழ் படித்தவனுக்கு உரிய பழக்கத்தின்படி முதலில் சொல்லுக்குத்தான் போனேன். வள்ளம் என்ற சொல்லுக்கு அகராதியில் மூன்று வாழ்வுகள் உண்டு. உண்ணவும் பருகவும் உதவும் கிண்ணம் என்பது முதலாவது. சேக்கிழார் பெரியபுராணத்தில், சீகாழிக் குளக்கரையில் அழுத பிள்ளைக்கு உமையம்மை பால் கறந்து ஊட்டும் பொற்பாத்திரம் வள்ளம்தான். தானிய அளவை என்பது இரண்டாவது. மூன்றாவது தோணி, குமரி மாவட்டக் கடற்கரையிலும் கேரளத்திலும் இன்றும் வள்ளம் என்றால் படகு. கிண்ணமும் அளவையும் படகும் ஒரே பெயரில் நிற்பது தற்செயல் அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. மூன்றும் மரத்தின் வயிற்றை எடுத்துவிட்டு ஓட்டை மட்டும் நிறுத்திவைக்கும் வேலை. கன்னடத்தில் இதே சொல் வகரம் பகரமாகி (பகரத்தை மெலித்து ஒலிக்க வேண்டும்) ‘பள்ள’ என்று முகத்தலளவையாக வழங்குகிறது. வேர் அங்கே ‘பேரு’ ஆவதையும் வில் ‘பில்லு’ ஆவதையும் அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. மூன்று மொழிகள் ஒரே சந்தையில் பேரம் பேசும் எங்கள் மாவட்டத்தில் இந்தச் சொல் எல்லை தாண்டக் கஷ்டப்பட்டிருக்காது.

இன்னொரு சொல்லும் என்னை நிறுத்தியது. கடைதல். தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். ஏன் இரண்டுக்கும் ஒரே வினை? பழைய கடைசல் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு விடை எளிது. மின்மோட்டார் வருவதற்கு முன், கட்டையை இரு முனைகளுக்கு நடுவே நிறுத்தி, அதன்மேல் கயிற்றைச் சுற்றி, எதிரில் அமர்ந்த ஒருவர் இரு தலைப்பையும் மாற்றி மாற்றி இழுப்பார். மத்தும் கயிறும் செய்வதும் அதே வேலை. கட்டை ஒருமுறை முன்னோக்கிச் சுழலும், மறுமுறை பின்னோக்கி. முன்னோக்கி வரும்போது மட்டும் உளி சீவும்; பின்னோக்கிப் போகும்போது ஆசாரி உளியைச் சற்றே பின்வாங்குவார். இழுப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணாகவோ பையனாகவோ இருப்பார். பாற்கடலில் மலையை மத்தாக்கி வாசுகியைக் கயிறாக்கிய கதையைச் சொன்னவன் தயிர்ப்பானையை மட்டுமல்ல, கடைசல் பட்டறையையும் பார்த்திருக்கக்கூடும். இது என் ஊகம்தான்.

இனி என் இரட்டைப் பிள்ளைகளுக்கு வருகிறேன். வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்து அலமாரியில் வைக்கும்போது ஒன்று மற்றதைவிடக் கனமாக இருப்பது கைக்குத் தெரிந்தது. மரம் வேறாக இருக்கலாம் என்று நினைத்தேன். தருமபுரி நகரில் எனக்குத் தெரிந்த முதிய தச்சாசாரி ஒருவரிடம் இரண்டையும் எடுத்துப் போனேன். அடியில் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டும் பூவரசுதான் சார்” என்றார். கடைசலுக்குப் பூவரசு நல்ல மரம். எளிதில் பிளவு காணாது. (ஹவாய்த் தீவுகளில் இதே மரத்துக்கு மிலோ என்று பெயர், அந்த மக்களும் அதில் உணவுக் கிண்ணங்கள் செய்தார்கள் என்று பின்னர் படித்தேன். மரத்தின் குணத்தைக் கைகள் எங்கும் ஒரே மாதிரிதான் கண்டுகொள்கின்றன.)

“அப்போ ஏன் ஒன்று கனக்கிறது?” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. இரண்டையும் கவிழ்த்து வைத்து விரல்முட்டியால் ஒவ்வொரு தட்டுத் தட்டினார். ஒன்று கணீரென்றது, மற்றது மொத்தென்றது. “சுவரு” என்றார்.

பாத்திரம் கடைபவருக்கு உள்ள பெரிய சிக்கல் அவர் செய்வது அவருக்கே தெரியாது என்பதுதான். வெளிவடிவம் கண்ணுக்குத் தெரியும். உள்வடிவமும் ஓரளவு தெரியும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு மரம் மிஞ்சியிருக்கிறது என்பது மட்டும் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியாது. வாய்விளிம்பில் காண்பது விளிம்பின் கனம். இடுப்பின் கனமோ அடியின் கனமோ அல்ல. ஒரு சீவல் குறைவாக எடுத்தால் பாத்திரம் மொண்ணை. ஒரு சீவல் கூடுதலாக எடுத்தால் உளி மறுபக்கம் எட்டிப் பார்க்கும், ஒரு நாள் உழைப்பு விறகுக்குப் போகும். இதற்கு உலகெங்கும் பலவிதமான தந்திரங்கள் உண்டு. கட்டை மெல்லச் சுழலும்போது கட்டைவிரலை உள்ளும் சுட்டுவிரலை வெளியும் வைத்துத் தடவுவது ஒன்று. விரல்கள் வியக்கத்தக்க அளவுக்கு நுட்பமானவை. உளியின் ஓசையைக் கேட்பது இன்னொன்று. சுவர் மெலிய மெலிய ஓசை மாறும், பிறகு சுவரே அதிரத் தொடங்கும். படகு குடைந்தவர்களின் தந்திரம் எல்லாவற்றிலும் அழகானது. வட அமெரிக்காவின் பசிபிக் கரைப் பழங்குடிகள் பெரிய தேவதாரு இன மரங்களைக் குடைந்து படகு செய்யும்போது, வெளிப்புறத்தை முடித்துவிட்டு, அங்கங்கே சிறு துளையிட்டு, வேண்டிய கனத்துக்குச் சரியாக நறுக்கிய முளைக்குச்சிகளை அடித்துவிடுவார்கள். பிறகு உள்ளே குடைந்துகொண்டே வரவேண்டியதுதான். குச்சியின் முனை தட்டுப்படும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அளவுகோலை மரத்துக்குள்ளேயே புதைத்துவைத்துவிட்டு வேலையைத் தொடங்குகிறார்கள்.

எங்கள் ஆசாரி எனக்குக் காட்டியது அவ்வளவு கவித்துவமானதல்ல. ஒரு தடித்த கம்பியைக் கொண்டை ஊசிபோல் நீளமாக வளைத்தார். இரு முனைகளையும் உள்நோக்கி மடக்கி, நடுவே சரியாக இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டார். ஒரு காலை வள்ளத்துக்கு உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் விட்டு இறக்கினார். உள்முனை சுவரைத் தொடும்போது வெளிமுனைக்கும் மரத்துக்கும் நடுவே மிஞ்சும் சந்தில் மெல்லிய சிலாம்புகளைச் செருகி நிரப்பி, அந்தச் சிலாம்புகளை அளந்தார். இரண்டு சென்டிமீட்டரில் அதைக் கழித்தால் சுவரின் கனம். அடிக்கு அதுவும் வேண்டாம்: உள்ளே ஒரு குச்சியை நிறுத்தி விளிம்பு மட்டத்தில் குறி போட்டு, வெளி உயரத்திலிருந்து கழித்தால் போதும்.

அன்று மாலை நானே வீட்டில் அதைத் திரும்பச் செய்தேன். சுவரைச் சுற்றி எட்டு இடங்களில், மூன்று உயரங்களில். இரண்டு வள்ளங்களுக்கும் வெளிக்குறுக்களவு 19 சென்டிமீட்டர், உயரம் 17. ஒன்றின் சுவர் 9 மில்லிமீட்டர், அடி 12. மற்றதன் சுவர் 14 மில்லிமீட்டர், அடி 20. சுவரில் வேறுபாடு அரை சென்டிமீட்டர். ஒரு பென்சிலின் கனம்கூட இல்லை. ஆனால் வட்டப் பாத்திரத்தில் சுவர் அரை சென்டிமீட்டர் தடித்தால் உட்குறுக்களவு ஒரு சென்டிமீட்டர் குறைகிறது. கொள்ளளவோ அந்தக் குறுக்களவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. அடியும் சேர்ந்து மேலேறிக்கொள்கிறது. கணக்கை நம்பாமல் கேழ்வரகு வாங்கித் தலைதட்டி அளந்து தராசில் வைத்தேன். மெல்லிய சுவருள்ளது 2 கிலோ 860 கிராம் கொண்டது. தடித்தது 2 கிலோ 410. ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு காணோம்.

ஊரில் அத்தை ஒருவர் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். தொலைபேசியில் கேட்டேன். “கனமா இருக்கறதா? அது ஆளுங்களுக்கு அளக்கற வள்ளம்டா கண்ணு. கூலி வள்ளம்” என்றார். மற்றது? “அது வாரத்துக்கு.” வாரம் என்பது குத்தகைதாரர் நிலத்துக்காரருக்கு அளக்க வேண்டிய பங்கு. அதாவது எங்கள் தாத்தா வாங்கும்போது ஒரு வள்ளத்தில் வாங்கினார். கொடுக்கும்போது வேறொரு வள்ளத்தில் கொடுத்தார். இரண்டும் வெளியே பார்க்க ஒன்று. இரண்டுக்கும் பெயரும் ஒன்று.

கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் செய்யாத வணிகர்களைப் பட்டினப்பாலை போற்றுவதை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவன் நான். அதற்கு விளக்கமாக என் வீட்டுப் பரணிலேயே ஒரு சான்று இருந்தது என்பதை என் ஐம்பதை நெருங்கும் வயதில் அறிந்தேன்.

முதலில் என் மனம் தாத்தாவுக்கு வக்காலத்து வாங்கவே முயன்றது. பச்சை மரத்தில் கடைந்திருப்பார்கள், காய்ந்து சுருங்கியிருக்கும் என்று வாதிட்டேன். ஆனால் மரம் காய்ந்து சுருங்கினால் சுவரின் கனம் கூடாது, குறையத்தான் செய்யும். தவிரவும் மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. ஆண்டு வளையத்தின் போக்கில் அதிகம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் அதில் ஏறக்குறையப் பாதி. அதனால் பழைய பாத்திரங்களின் வாய் மெல்ல நீள்வட்டம் ஆகிவிடும். என் இரண்டு வள்ளங்களும் நீள்வட்டமாகியிருந்தன, ஒரே அளவாக. சுருக்கம் இருவருக்கும் சமநீதி செய்திருந்தது. அடுத்து, வார வள்ளம்தான் தேய்ந்து உள்ளே அகன்றிருக்கும் என்று நினைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தபோது அதன் உட்சுவரில் உளியின் கடைசல் வரிகள் இன்னும் தெளிவாக இருந்தன. அரை சென்டிமீட்டர் தேய்ந்த சுவரில் வரிகள் எப்படி மிஞ்சும்? எல்லாவற்றுக்கும் மேலாக, தடித்த வள்ளத்தின் சுவர் நான் அளந்த எல்லா இடங்களிலும் ஒரு மில்லிமீட்டருக்குள்தான் ஏறி இறங்கியது. தவறுதலாகத் தடித்த சுவர் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்திருக்கும். இது தேர்ந்த கை ஒன்று, வேண்டிய கனத்தை முன்பே தீர்மானித்து, அளந்து அளந்து நிறுத்திய சுவர்.

அந்தக் கடைசல்காரரைப் பற்றி அடிக்கடி நினைக்கிறேன். அவருக்கும் கூலி வள்ளத்தில்தான் அளந்திருப்பார்கள்.

தமிழ்நாட்டில் அளவை என்பது எப்போதுமே அதிகாரத்தின் பெயரைச் சுமந்துவந்த ஒன்று. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் அளவைப் பெயர்களும் நிறைப் பெயர்களும் எந்த ஒன்பது எழுத்துகளில் தொடங்கும் என்று விதி சொல்கிறார். இலக்கணம் எழுதுகிறவர் கவனிக்க வேண்டிய அளவுக்கு அவை பெருகியிருந்தன. 1010-இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், நெல் அளக்கும் மரக்காலுக்கு ஆடவல்லான் என்று இறைவனின் பெயர். அது இராசகேசரி என்ற அரசன் பெயர் கொண்ட மரக்காலுக்கு ஒத்தது என்று சொல்லப்படுகிறது. பொன் நிறுத்த கல்லுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். எட்டு நாழி ஒரு குறுணி அல்லது மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்ற வாய்பாடு எங்கும் ஒன்றுதான். ஆனால் எந்த மரக்கால் என்று பெயர் சொல்லாமல் எந்தத் தானத்தையும் கல்லில் வெட்ட அவர்கள் துணியவில்லை. பெயர் சொல்லாவிட்டால் சுவர் தடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் பகுதிக்குச் சோழர், ஹொய்சளர், விசயநகரத்தார், மைசூரார் என்று பலர் வந்து போனார்கள். 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனியின் கைக்கு மாறியது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோ முதலியோரும் அந்தப் பத்தாண்டில் நிலத்தைச் சங்கிலி கொண்டு அளந்தார்கள். பிற்காலத்து ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் கால்கோள். மன்றோ தருமபுரியில் சில ஆண்டுகள் தங்கியிருந்தார். நிலத்தின் அளவு பதிவேட்டில் ஏறியது, தீர்வை பணமாக நிர்ணயமானது. களத்து வள்ளம் களத்திலேயே நின்றது. 1800-இல் மைசூர் நாட்டில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் போகும் இடமெல்லாம் உள்ளூர்ப் படியை வாங்கிக் கன அங்குலக் கணக்கில் குறித்துவைத்தார். அவர் எழுதிய மூன்று தொகுதிகளை (1807) புரட்டும்போது, ஒரு நாள் நடைத்தூரத்தில் அளவை மாறிப்போவதைக் காணலாம்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சீர்கேடு என்று எண்ணிவிடக் கூடாது. போலந்து வரலாற்றாசிரியர் விட்டோல்ட் குலா 1970-இல் அளவைகளும் மனிதர்களும் என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு நூல் எழுதினார். ஐரோப்பியப் பண்ணையார்கள் குவித்து வாங்கித் தலைதட்டிக் கொடுத்ததையும், உயரத்திலிருந்து கொட்டினால் தானியம் இறுகி அதிகம் பிடிக்கும் என்பதால் எந்த உயரத்திலிருந்து கொட்டுவது என்றே சண்டை நடந்ததையும் அவர் விரிவாகச் சொல்கிறார். நம் களங்களில் ‘குலுக்கி அளக்காதே’ என்று எழும் குரலுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? 1789-இல் பிரெஞ்சு மக்கள் எழுதித் தந்த குறைமனுக்களில், ஒரே அளவும் ஒரே நிறையும் வேண்டும் என்ற கோரிக்கை ஊர் ஊராக எழுந்தது. நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த மெட்ரிக் முறை (அங்கே 1795-இல் சட்டமானது) அறிவியலறிஞர்கள் மேசையில் மட்டும் பிறந்ததல்ல. களத்து மேட்டுக் கோபமும் அதற்குள் இருக்கிறது. இந்தியாவில் 1956-இல் அளவைச் சட்டம் வந்தது. 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாக நடைமுறையானது. தானியம் முகத்தலிலிருந்து நிறுத்தலுக்கு மாறியது. தராசில் ஏமாற்ற வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தராசுக்குச் சுவர் கிடையாது.

சட்டம் வந்த பிறகும் எங்கள் களத்தில் வள்ளம் நெடுநாள் இருந்தது என்று அத்தை சொல்கிறார். கூலி பணமாக மாறும்வரை. பண்ணையில் தானியக் கூலிக்கு உழைத்தவருக்குத் தமிழில் படியாள் என்றே பெயர். ஒரு மனிதனுக்கு அவனுக்கு அளக்கப்படும் பாத்திரத்தின் பெயர்! பிழைப்பளிப்பதைப் படியளப்பது என்கிறோம். மதுரையில் மார்கழி அட்டமியன்று சொக்கநாதர் எல்லா உயிர்களுக்கும் படியளந்த லீலையை விழாவாக எடுக்கிறோம். களத்தில் அளக்கிறவர் முதல் வள்ளத்துக்கு ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டார். ‘லாபம்’ என்பார், பிறகு ‘ரெண்டு’, ‘மூணு’. என் சிறுவயதில் அந்தக் குரல் எனக்கு மிகவும் பிடிக்கும். யாருக்கு லாபம் என்று கேட்கத் தோன்றியதில்லை.

அறுவடைக் காலத்தில் ஒரு மாதம், நாளொன்றுக்கு ஒரு வள்ளம் என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்குப் பதின்மூன்றரைக் கிலோ கேழ்வரகு குறைந்திருக்கும். ஒரு சிறு குடும்பம் அதில் எத்தனை நாள் களி கிண்டியிருக்கும் என்பதை இந்தப் பக்கத்தவர்கள் கணக்கிட்டுக்கொள்வார்கள்.

சென்ற மாதம் ஊருக்குப் போனபோது இரண்டு வள்ளங்களையும் கையோடு எடுத்துச் சென்றேன். அத்தை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கண்பார்வை ஏறக்குறைய இல்லை. இரண்டையும் அவர் முன் வைத்து, எது எது என்று கேட்டேன். தூக்கிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் தூக்கவில்லை. ஆசாரி செய்தது போலவே விரல்முட்டியால் தட்டி, மொத்தென்றதைத் தள்ளிவைத்தார்.

“உனக்கு எப்படித் தெரியும் அத்தே?”

“கூலி வாங்க வர்ற பொம்பளைங்க மடிய விரிக்கறதுக்கு முன்னாடி இப்படித்தான் ஒரு தட்டு தட்டுவாங்க. உங்க தாத்தன் தலைய அந்தாண்ட திருப்பிக்குவாரு.”

“அப்போ அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம?” என்றார் அத்தை. பிறகு வெற்றிலைப் பெட்டியைத் துழாவத் தொடங்கிவிட்டார்.